குமிழி விடாத இயந்திரம்

வாயை அகலமாகத் திறந்துகொண்டு இருக்கிறவனால் கிண்டல் பண்ண முடியாது என்பதைக் கிளி அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் தெரிந்துகொண்டான். அதுவும் பல் டாக்டரின் நாற்காலியில், வாய்க்குள் ஒரு கண்ணாடியும் ஒரு கொக்கியும் இருக்கும்போது.

கிளி என்பது அவன் வாய்க்கு ஊரார் கொடுத்த பட்டம். பதினெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஓயாமல் பேசித் தைரியம் சொன்ன பழக்கம், வேலையை விட்ட பிறகும் போகவில்லை. இப்போது நாற்பத்து நாலு வயதில் இன்ஷூரன்ஸ் அக்காவின் துப்பறியும் அலுவலகத்தில் ஒரே உதவியாளன்.

விசாரணை வேலை ஒன்று தர அவர்களை வரச்சொன்ன டாக்டர், பேச்சோடு பேச்சாகக் கிளியின் பல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் அக்கா பக்கத்தில் ஒரு சுழல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மூழ்கின கப்பல், எரிந்த சரக்கு, தண்ணீருக்குள் போய்த் திரும்பாத ஆள் என்று இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதியவள். பொய்யைக் கேட்டுக் கேட்டு அவள் முகத்தில் ஒரு நிரந்தரமான பொறுமை வந்து உட்கார்ந்துவிட்டது.

"மாப்பிள்ளையைப் பத்தி விசாரிப்பீங்க, வேலைக்கு வர்ற ஆளைப் பத்தி விசாரிப்பீங்க. எனக்கு ஒரு மெஷினைப் பத்தி விசாரிக்கணும்" என்றார் டாக்டர், கிளியின் கடைவாயைத் தட்டிக்கொண்டே.

"என்ன மெஷின்?"

"ரீப்ரீதர். தண்ணிக்குள்ள மூச்சு விடறதுக்கு. சாதாரண சிலிண்டர்ல விடற மூச்சு குமிழியா மேல போயிடும். இதுல போகாது. விட்ட மூச்சையே ஒரு டப்பாவுல இருக்கிற சுண்ணாம்புக் குருணை வழியா அனுப்பி, கெட்ட காத்தை எடுத்துட்டு, குறையற ஆக்சிஜனைக் கொஞ்சம் சேர்த்து, திரும்ப நமக்கே கொடுத்துடும்."

ஆறின காபியைச் சுட வைத்துத் திரும்ப நமக்கே கொடுக்கிற ஏற்பாடு என்று சொல்லக் கிளி துடித்தான். "ஆஆ" என்றுதான் வந்தது.

"வலிக்குதா?"

இல்லை என்று கிளி தலையை ஆட்டினான்.

"இங்கே ஒரு சொத்தை இருக்கு. வலிக்கலைங்கிறதால சொத்தை இல்லைன்னு ஆயிடாது, தம்பி. அது பாட்டுக்கு உள்ள தன் வேலையைப் பார்த்துட்டே இருக்கும்." டாக்டர் ஊசியை எடுத்தார். இதை ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்வார் போல. அந்த வாக்கியம் அவ்வளவு வழவழப்பாக இருந்தது.

ஊசி இறங்கியதும் டாக்டர் தன் ஆசையைச் சொன்னார். கடலுக்குள் அவருக்கு முன்னாலேயே ஒரு பல் டாக்டர் இருக்கிறதாம். ஒரு இறால். பெரிய மீன் ஒன்று பாறை இடுக்குப் பக்கம் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்குமாம். விரல் நீள இறால் உள்ளே போய்ப் பல் பல்லாகச் சுத்தம் பண்ணுமாம். அதை இரண்டடி தூரத்திலிருந்து படம் எடுக்க ஆறு வருஷமாக அலைகிறார்.

"நான் ஒரு மூச்சு விட்டேன்னா குமிழி கொடகொடன்னு போகும். மீன் வாயை மூடிட்டுக் கிளம்பிடும். என் பேஷண்ட் மாதிரியே."

"அப்போ மெஷினை வாங்கிட வேண்டியதுதானே?"

"அங்கேதான் மேடம் சிக்கல்." டாக்டர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "ஃப்ளைட்ல கொண்டு போகணுமே! நல்ல மெஷினெல்லாம் முப்பது கிலோ. கேமரா மட்டுமே பதினோரு கிலோ. இந்த ஒரு மாடல்தான் நெஞ்சுல கட்டிக்கிற மாதிரி சின்னதா இருக்கு. சிலிண்டரையும் குருணையையும் போற இடத்துல வாங்கிக்கலாம். பாருங்க, கிராம் கணக்கா லிஸ்ட் போட்டிருக்கேன். டூத் பிரஷ்ஷோட கைப்பிடியைக்கூட வெட்டிட்டேன். ஒன்பது கிராம் மிச்சம்."

பல் டாக்டரே பிரஷ்ஷை வெட்டிவிட்டாரா என்று கிளி கண்ணாலேயே கேட்டான். யாரும் கவனிக்கவில்லை.

அக்கா லிஸ்ட்டைப் படித்தாள். கேமரா, விளக்கு, நாலு சட்டை. மெஷின், பெட்டியோடு: எட்டு கிலோ அறுநூற்று நாற்பது கிராம். கடைசியில் 'ஸ்பேர் சென்சார் மூன்று, எழுபத்தைந்து கிராம்' என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்திருந்தது.

"இதை ஏன் அடிச்சிட்டீங்க?"

"வெயிட் மேடம்!"

"எழுபத்தஞ்சு கிராம்."

"சேர்ந்துடுது இல்லையா."

அக்கா லிஸ்ட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "மெஷின் யார்கிட்ட இருக்கு?"

"ஒரு கண்ணாடிக் கடைக்காரர். பழைய டைவர். முட்டி போனதால விக்கிறார். பழகின மெஷின்கிறது ஒரு பலம் பாருங்க. அதைப் பயன்படுத்திப் பார்த்தவங்க மூணு பேரோட நம்பரும் இருக்கு. நான் சனிக்கிழமை கிளம்பணும். என் மனைவி ஒரே பிடியா நிக்கிறா, வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஆச்சுன்னு. யாரோ பேஷண்ட் உங்க கார்டை என் மேஜையில விட்டுட்டுப் போயிருந்தாங்க. நல்ல நேரம்."

"அவங்களுக்கு என்ன பயம்?"

டாக்டர் சிரித்தார். "மூணு வருஷம் முன்னாடி நான் கீழ இருந்தேன், அவ படகுல இருந்தா. மேல வர்ற குமிழியையே பார்த்துட்டு இருப்பாளாம். குமிழி வந்தா நான் இருக்கேன்னு அர்த்தமாம். அன்னிக்கு நான் ஒரு மீன் பின்னாடி பாறைக்கு அடியில போயிட்டேன். பதினோரு நிமிஷம் குமிழியைக் காணோம். மேல வந்து பார்த்தா படகுல ஒரே ரகளை!"

அக்கா சிரிக்கவில்லை. "இந்த மெஷின்ல குமிழியே வராதே."

"அதான் மேடம் அதோட அழகே" என்றார் டாக்டர்.

வெளியே வரும்போது கவுண்டரில் டாக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அப்பாயின்ட்மென்ட் நோட்டுக்கு மேல் குனிந்திருந்த தலை ஈரமாக இருந்தது. இரண்டு கண்ணைச் சுற்றியும் சிவந்திருந்தது.

"நல்லா விசாரிங்க. அவசரப்படாதீங்க" என்றார்.

"சனிக்கிழமை கிளம்பறாராமே?" என்றாள் அக்கா.

"அதனாலதான் சொல்றேன்."

தெருவுக்கு வந்ததும் கிளி பாதி மரத்த வாயோடு ஆரம்பித்தான். "பாவம் அக்கா, ரொம்ப அழுதிருக்காங்க. முகம் கழுவினதுல தலையெல்லாம் நனைஞ்சிருக்கு."

"ம்" என்றாள் அக்கா. அந்த 'ம்' கிளிக்குப் பிடிக்காத 'ம்'. அவனுக்குத் தெரியாதது ஏதோ அவளுக்குத் தெரிந்தால்தான் அது வரும்.

*

அலுவலகம் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்தது. இஸ்திரி ஆவி தரையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கிளி செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற தரையில் கால் மாற்றி மாற்றி நின்றபடி அந்த மூன்று சாட்சிகளுக்கும் ஃபோன் போட்டான்.

முதல் ஆள் டிக்கெட் ஏஜென்ட். "அருமையான மெஷின் சார். சூட்கேஸ்ல வச்சா அது இருக்கிறதே தெரியாது. தண்ணியில இறங்கினா நாம இருக்கிறதே தெரியாது."

கிளி எழுதிக்கொண்டான். நல்ல வாக்கியம் என்று மெச்சவும் செய்தான்.

இரண்டாவது ஆள் வீடியோ எடுப்பவர். "என்னத்தைச் சொல்ல சார். சூட்கேஸ்ல வச்சா அது இருக்கிறதே தெரியாது. தண்ணியில இறங்கினா..."

"நாம இருக்கிறதே தெரியாது" என்று கிளி முடித்துவைத்தான்.

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாவது ஆள் ரிட்டயரான கோர்ட் குமாஸ்தா. அவர் பேசியது குழைந்து குழைந்து வந்தது. கிளிக்கும் ஊசி போட்ட மரமரப்பு இன்னும் போகவில்லை. இரண்டு மரத்த வாய்கள் ஃபோனில் பேசிக்கொண்டதைக் கேட்டு, துணி கொடுக்க மேலே வந்த சலவைக்கடைக்காரர் பயந்து இறங்கிப் போய்விட்டார்.

"சார், வாய்க்கு என்ன?" என்றான் கிளி.

"காலைல பல்லுக்கு ஊசி போட்டாங்க தம்பி. பாதி வாயைக் காணோம். என்ன கேட்டீங்க? ஆங்... சூட்கேஸ்ல வச்சா அது இருக்கிறதே..."

கிளி ஃபோனை வைத்தான். "அக்கா! மூணு பேரும் கிளிப்பிள்ளை மாதிரி..." என்று ஆரம்பித்து, தன் பட்டம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான். "ஒரே பாடம் ஒப்பிக்கிறாங்க."

"நிஜத்தைச் சொல்றவங்க ஆளுக்கு ஒரு தப்பு பண்ணுவாங்க, கிளி. ஒருத்தன் கப்பல் பச்சைன்னுவான், ஒருத்தன் நீலம்னுவான். மூணு பேரும் புள்ளி பிசகாம ஒண்ணையே சொன்னா, பாடம் எடுத்த வாத்தியார் ஒருத்தர்தான்."

"கண்ணாடிக் கடைக்காரன்தான். விக்கிறவன் அவன்தானே?"

"வா, கண்ணாடிக் கடைக்காரரைப் பார்ப்போம்."

*

அவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. கிளி பழைய பாசத்தில் உள்ளே எட்டிப் பார்த்து, சர்வீஸ் சீட்டில் தேதியைப் படித்தான். ஐந்து வாரமாக ஓடவில்லை.

அவர்கள் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் கண்ணாடிக் கடைக்காரரே எதிரே தடதடவென்று இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்து வரவேற்றார். "வாங்க வாங்க! டாக்டர் சொன்னார்."

"முட்டி எப்படி இருக்கு சார்?" என்றான் கிளி.

அவர் அங்கேயே நொண்ட ஆரம்பித்தார். "அதை ஏன் கேக்கறீங்க..."

கூடத்தில் சோபாவின் மேல் பெட்டி தயாராக இருந்தது. பெட்டி முழுக்க ஊர் ஊராக ஸ்டிக்கர். கிளி அதைக் கவிழ்த்துப் பார்த்தான். சக்கரத்தில் அச்சுப் பிசிறு கூடத் தேயவில்லை.

"எத்தனை நாடு போயிருக்கு?"

"பதினாலு."

"தூக்கிட்டே போனீங்களா? அந்த முட்டியோட?"

அக்கா ஒரு பார்வை பார்த்தாள். கிளி வாயை மூடினான். அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு கறுப்புப் பைகள், சுருள் குழாய்கள், ஒரு டப்பா, கைக்கடிகாரம் மாதிரி ஒரு சின்னத் திரை. எல்லாம் பளபளவென்று இருந்தன.

"நல்லா வச்சிருக்கீங்க. எப்படிப் பராமரிப்பு?"

"வாரம் தவறாம எண்ணெய் போட்டுடுவேன் மேடம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர் பெருமையாக.

"ஆக்சிஜன் போற குழாய்க்கு?"

"முக்கியமா அதுக்குத்தான்."

ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் பட்டால் குழாய் எரிந்து வெடிக்கும் என்பது கிளிக்கே தெரியும். அக்கா குழாயை மோந்து பார்த்தாள். ஒரு சொட்டு எண்ணெயின் வாசம்கூட இல்லை. இந்த மனுஷர் மெஷினைத் தொட்டதே இல்லை என்பதற்கு அதுதான் நல்ல அத்தாட்சி.

அடுத்து அவள் டப்பாவின் தலையைத் திருகித் திறந்தாள். பாட்டில் மூடி அளவில் மூன்று சென்சார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லுகிற மூன்று சாட்சிகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் தேதி அச்சடித்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சதுரம், கண்ணாடி மாதிரி வழித்து மெருகேற்றியிருந்தது.

"தேதி எங்கே?"

"உப்புத் தண்ணி மேடம். அரிச்சிடுச்சு."

"மூணுலயும் ஒரே அளவுல, நாலு மூலையும் நேராவா?"

கண்ணாடிக் கடைக்காரர் தன் முட்டியைத் தடவினார். இந்தத் தடவை, முன்னே நொண்டாத காலின் முட்டி.

அக்கா பையிலிருந்து ஒரு கைத்தராசை எடுத்து, பெட்டியை மூடி, கொக்கியில் மாட்டித் தூக்கினாள். எண்ணைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். "இதை நான் எடுத்துட்டுப் போறேன். வாங்கப் போறவர் முன்னாடியே சோதிச்சிடலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

அவர் முகத்தில் ஆயிரம் ஆட்சேபம் இருந்தது. வாயில் ஒன்றும் வரவில்லை.

படியில் இறங்கும்போது பெட்டி கிளியின் தோளில் இருந்தது. "பாவம் அக்கா டாக்டர்! ஒண்ணும் தெரியாத மனுஷனைப் பிடிச்சு இவன் மொட்டையடிக்கப் பார்க்கிறான்."

"பெட்டி எவ்வளவு வெயிட் இருக்கும் சொல்லு."

"என் தோளைக் கேட்டா நாப்பது கிலோ."

"எட்டு கிலோ அறுநூத்து நாப்பது கிராம். ஸ்டிக்கரோட, அறுந்து போன பக்கிளோட. கம்பெனிக்காரன் விளம்பரத்துல ஒன்பது கிலோன்னு போட்டிருக்கான். டாக்டரோட லிஸ்ட்ல என்ன போட்டிருந்துச்சு?"

கிளி படியிலேயே நின்றுவிட்டான். "எட்டு கிலோ... அறுநூத்து..."

"இனிமேதான் வாங்கப் போற பெட்டியோட எடை, கிராம் சுத்தமா அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? அதை விடு. பொத்தான் அளவுல இருக்கிற சாமான்ல நாலு எழுத்தை மட்டும் பிசிறில்லாம வழிக்கிற கை யாருக்கு இருக்கும்? தினமும் அடுத்தவங்க வாய்க்குள்ள மெருகு போடறவருக்குத்தான் இருக்கும். உன் குமாஸ்தாவுக்குக் காலைல ஊசி போட்டது யாருன்னு நினைக்கிற?"

"அட கடவுளே" என்றான் கிளி. ஆறு படி இறங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. "தன் மெஷினைத் தானே வாங்கறதுக்கு நம்மகிட்ட சர்டிஃபிகேட் கேக்கறாரா? எதுக்கு அக்கா?"

"அதை அவர் வாயாலயே கேட்போம். வாயைத் திறக்கச் சொல்றது அவருக்குப் பழக்கமான வேலைதானே."

*

வியாழக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு கிளினிக்கில் பேஷண்ட் யாரும் இல்லை. டாக்டரின் மனைவி கவுண்டரில் இருந்தார். இன்றைக்கும் தலை ஈரம். இன்றைக்கும் கண்ணைச் சுற்றி அதே சிவப்பு. கிளிக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"நீங்களும் உள்ள வாங்கம்மா" என்றாள் அக்கா அவரிடம்.

பெட்டியைப் பார்த்ததும் டாக்டர் ரொம்பத் திறமையாக ஆச்சரியப்பட்டார். "ஓ, இதுதானா அது! ஃபோட்டோவுல பார்த்ததைவிட அழகா இருக்கே!"

"உங்ககிட்ட ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குமே டாக்டர்?"

"மயக்கம் வந்தா கொடுக்கறதுக்கு வச்சிருக்கேன். அந்த மூலையில."

அக்கா டப்பாவின் தலையைக் கழற்றி நாற்காலியின் மேல் வைத்தாள். முந்தாநாள் கிளி வாயைத் திறந்துகொண்டு கிடந்த அதே இடம். திரையில் மூன்று எண்கள் மின்னின. மூன்றும் பூஜ்யம் புள்ளி இருபத்தொன்று.

"நாம மூச்சு விடற காத்துல நூத்துக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன். மூணு சாட்சியும் சரியாச் சொல்றாங்க" என்றாள்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா?" என்றார் மனைவியிடம்.

"இப்போ சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கப் போறேன். எண் ஒண்ணுக்குப் பக்கத்துல போகணும்." அக்கா சென்சார்களை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, சிலிண்டர் குழாயை உள்ளே விட்டுத் திறந்தாள்.

புள்ளிக்குப் பின்னால் எண்கள் ஏறின. நாற்பது. ஐம்பத்தைந்து. அறுபத்தைந்து. அறுபத்தெட்டில் மூன்றும் நின்றன. அக்கா காத்திருந்தாள். சிலிண்டர் உஸ்ஸென்று இரைந்தது. மூன்று எண்ணும் அசையவில்லை.

"ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டது மனைவி.

"கிழண்டு போச்சும்மா. சாதாரணக் காத்துல நல்லாப் பேசும். ஆக்சிஜன் ஏற ஏற இதால அதைச் சொல்ல முடியாது. மெஷின் இந்த மூணு பேரையும் கேட்டு, ரெண்டு பேர் ஒத்துச் சொன்னா அதை நம்பும். இங்கே மூணு பேரும் ஒரே நாள்ல பொறந்து ஒரே நாள்ல கிழண்டவங்க. ஒரே பொய்யை ஒத்துமையாச் சொல்வாங்க. ஆக்சிஜன் பத்தலைன்னு மெஷின் இன்னும் இன்னும் ஊத்திட்டே இருக்கும். ஆழத்துல அது விஷம். ஒரு வலிப்பு வரும், வாய்ல இருக்கிறது நழுவும், அவ்வளவுதான். சத்தம் வராது." அக்கா சிலிண்டரை மூடினாள். "மேல குமிழியும் வராது."

அந்த அம்மாவின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரி மூணு கேஸுக்கு நான் ரிப்போர்ட் எழுதியிருக்கேன். மூணுலயும் மெஷின் சொந்தக்காரரோட வாக்குமூலம்கிற இடம் காலியாத்தான் இருக்கும்."

"அதெப்படி மேடம்!" டாக்டர் கொதித்துவிட்டார். "ஒரு தடவைகூட யூஸ் பண்ணலையே! ரெண்டு வருஷமா பெட்டியைவிட்டு வெளியே எடுக்காம, தூசி படாம, அலமாரியிலயே பத்திரமா..."

அவர் நிறுத்தினார். நிறுத்துவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பேசாமல் இருக்க முடியாத ஒரே ஆள் கிளிதான். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததை, இவ்வளவு பக்குவமான நேரம் இனி வராது என்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னான். "டாக்டர், வலிக்கலைங்கிறதால சொத்தை இல்லைன்னு ஆயிடாது. அது பாட்டுக்கு உள்ள தன் வேலையைப் பார்த்துட்டே இருக்கும்."

டாக்டர் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சக்கரம் வைத்த ஸ்டூல் கொஞ்சம் பின்னால் ஓடி, சுவரில் இடித்து நின்றது.

"ரெண்டு வருஷம் முன்னாடி மாநாட்டுக்குப் போனேனே..." என்றார் மனைவியைப் பார்க்காமல். "மாநாடு ரெண்டு நாள்தான். மீதி எட்டு நாள் இதுல ட்ரெயினிங் எடுத்தேன். வாங்கிட்டும் வந்துட்டேன். உன்கிட்ட சொன்னா விட மாட்டேன்னு..."

"எக்ஸ்ரே ரூம் அலமாரி. மேல் தட்டு" என்றார் மனைவி. "ரெண்டு வருஷமா அதுக்குத் தூசி தட்டறது யாருன்னு நினைச்சீங்க?"

டாக்டரின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தெரியுமா உனக்கு? ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு. போன மாசம் அலமாரி காலியாச்சு. மறு வாரமே பழகின மெஷின் ஒண்ணு விலைக்கு வருதுன்னு என்கிட்டயே கதை சொல்றீங்க. மெஷின் நல்லதா கெட்டதா எனக்கு எங்கே தெரியும்? இந்தப் பொய் எவ்வளவு ஆழம் போகுதுன்னு தெரிஞ்சாகணும்னுதான் இவங்க கார்டை உங்க மேஜையில வச்சேன். நல்லவேளை வச்சேன். சனிக்கிழமை போயிருந்தா? நான் படகுல உக்காந்து எதைப் பார்த்துட்டு இருந்திருப்பேன்? வராத குமிழியையா?"

டாக்டர் பயந்துபோயிருந்தார். மூன்று எண்களைப் பார்த்தபோது வராத பயம், அவள் முகத்தைப் பார்த்தபோது வந்திருந்தது.

அவர் மனைவி வெளியே போனார். கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். நனைந்த துண்டு. நீச்சல் உடை. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற ஒரு ரப்பர் கண்ணாடி. அவர் ஃபோட்டோ ஒட்டின ஒரு அட்டை.

"செவ்வாய், வியாழன் ஒரு மணிக்கு நான் எங்கே போறேன்னு நினைச்சிட்டிருக்கீங்க?"

"உன் தங்கச்சி வீட்டுக்கு..."

"அவ ஊரை விட்டுப் போயி நாலு மாசம் ஆச்சு. வழியனுப்ப நீங்களும்தான் வந்தீங்க. ஃபோன்ல மீன் பார்த்துட்டு நின்னீங்க."

கிளி அந்த ரப்பர் கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவின் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை வந்த அந்த 'ம்'முக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. "அப்போ அது அழுகை இல்லையாம்மா?"

"அழுகையும்தான் தம்பி. முதல் மாசம் பூரா அந்தக் கண்ணாடிக்குள்ளதான் அழுதேன். தண்ணின்னாலே எனக்கு உதறும். இப்போ பதினெட்டு மீட்டர் வரைக்கும் போகலாம்னு அட்டை கொடுத்துட்டாங்க." கணவர் பக்கம் திரும்பினார். "மேல உக்காந்து எண்ணினது போதும். இனிமே நானும் கீழ வர்றேன். உங்க பக்கத்துலயே இருக்கேன்."

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அட்டையை எடுத்தார், ஃபோட்டோவைத் தடவினார், தொண்டையைக் கனைத்தார். அந்த நேரத்தில் ஒரு மனுஷன் எத்தனையோ சொல்லலாம். அவர் சொன்னது இது:

"ஆனா நீ சாதாரண சிலிண்டர்தானே கத்துக்கிட்ட? உன் குமிழிக்கு மீன் ஓடிடுமே."

கிளி கண்ணை மூடிக்கொண்டான். இன்ஷூரன்ஸ் அக்கா கூரையைப் பார்த்தாள்.

"ஓடட்டும்" என்றார் மனைவி.

டாக்டர் எழுந்து போய் அந்த மூன்று சென்சார்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கின பல்லைப் போடுகிற தொட்டியில் போட்டு மூடினார்.

"ஓடட்டும்" என்று அவரும் சொன்னார். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

"அடுத்த வருஷம் வாங்கலாம்" என்றார் மனைவி. "ரெண்டு. எதுன்னு நான் பார்த்துச் சொல்றேன். ஸ்பேர் சென்சாரோட."

அக்கா பையைத் திறந்து, மடித்த லிஸ்ட்டை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் பேனாவை எடுத்து எட்டு கிலோ அறுநூற்று நாற்பது கிராமின் மேல் ஒரு கோடு இழுத்தார். பல்லடைக்கிற பொடியை நிறுக்கிற சின்னத் தராசு மேஜை ஓரத்தில் இருந்தது. மனைவியின் ஈரக் கண்ணாடியை எடுத்துத் துண்டால் துடைத்து அதன் மேல் வைத்தார். பழக்க தோஷம், யார் என்ன செய்ய முடியும்.

"இருநூத்திப் பத்து கிராம்" என்றார். லிஸ்ட்டின் கடைசியில் அதை எழுதினார். "தாராளமா இடம் இருக்கு."